ஆதம்பாக்கத்துச் சலவைக்கூடம்

நான் ரத்த வாந்தி எடுத்தது ஒரு கல்யாணப் புடவையின் மேல். ஆவணி முகூர்த்தங்களுக்காகத் தி. நகரே நெரிந்துகொண்டிருந்த நேரம். அங்கே ஒரு பட்டுக் கடையில் முதல் மாடியில் நான் விற்பனையாளன். கல்யாணப் பெண்ணின் அத்தை அரக்கு நிறத்தில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்றாள். எடுத்து உதறி விரித்து, முந்தியைக் காட்டக் குனிந்தேன். வாய்க்குள் இரும்புச் சுவை ஊறியது. அடுத்த கணம் புடவை, அதன் கீழே விரித்திருந்த வெள்ளை மெத்தை, என் சட்டை எல்லாம் கருஞ்சிவப்பாகிவிட்டன.

அந்த அம்மாள் அலறவில்லை. தன் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. சாக்கடையைத் தாண்டும்போது முகம் எப்படிச் சுளிக்குமோ அப்படிச் சுளித்திருந்தது. "காலங்காத்தாலயே குடிச்சிருக்கான், நாத்தம் வருது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். என்னைப் பின்பக்க மாடிப்படி வழியாக, சரக்கு இறக்குகிற வழியில், இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இறக்கினார்கள்.

குடியை விட்டவர்களைக் கூட்டங்களில் பேசச் சொல்வார்கள். எல்லோரும் கடவுளுக்கும் மனைவிக்கும் நன்றி சொல்லி முடிப்பார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் தனியாக உட்கார்ந்து நினைக்கும்போது எனக்கு வருவது நன்றி இல்லை, நாற்றம். அதை ஒருவரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இரைப்பை வார்டில் கட்டில் கிடைக்கும்வரை தரையில் பாய் போட்டுக் கிடந்தேன். தலைமாட்டில் என் மனைவி ஃப்ளோரா. சாந்தோமில் பங்குப் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவள், கை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு என் வாயைத் துடைத்தாள். பக்கத்துப் பாயில் இருந்தவருக்கு வயிறு தண்ணீர் கோத்துப் பானைபோல் இருந்தது. அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் வேறு, அவர் வேறு என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அங்கே வேறொருவர் பாயிலேயே ஒன்றுக்குப் போயிருந்தார்.

மறுநாள் தொண்டைக்குள் ஒரு கறுப்புக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். முனையில் விளக்கு வைத்த குழாய். கடித்துவிடாமல் இருக்க வாயில் ஒரு வளையத்தைச் செருகினார்கள். எச்சில் கன்னம் வழியாக ஒழுகிக் காதுக்குள் போனது. குழாய் வழியாகவே ஊசி போட்டு ரத்தக் கசிவை அடைத்தார்கள். வெளியே காத்திருந்த ஃப்ளோராவுக்கும் அவள் தம்பி சேவியருக்கும் இளவயது டாக்டர் ஒருவர் நின்றபடியே விளக்கினார். குடியால் கல்லீரல் வெந்து, வெந்த இடம் தழும்பாகி இறுகிவிட்டது. அதன் வழியே போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாயிலுள்ள மெல்லிய நாளங்களில் போய்த் தேங்குகிறது. அவை புடைத்து வெடிக்கின்றன.

"இனிமே குடிச்சா?" என்று சேவியர் கேட்டான்.

"திரும்ப வெடிக்கும். அப்ப இங்க கொண்டு வர்ற வரைக்கும் தாங்குவார்னு சொல்ல முடியாது."

அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே ஸ்ட்ரெச்சரில் கிடந்த எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். ஒரு குவார்ட்டர் கிடைத்தால் தொண்டை எரிச்சல் அடங்கும். அவ்வளவுதான். இதை எழுதும்போது என் மேலேயே குமட்டுகிறது.

குடி திடீரென்று நின்றால் மூளை பதறும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் கை நடுங்கத் தொடங்கி, பிறகு உடம்பே உதறியது. பட்டப்பகலில், வார்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, கட்டில் விரிப்பின் ஓரத்திலிருந்து ஜரிகைக் கரை கழன்று எறும்புச் சாரியாக என் மேல் ஏறியது. தட்டினேன், உதறினேன், கத்தினேன். நர்ஸ் ஒருத்தியை அடிக்கப் போனேனாம். பேண்டேஜ் துணியால் கை கால்களைக் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். கட்டப்பட்டபடியே மலம் போனேன். சேவியர் கஞ்சித் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஆயா வரும்வரை காத்திராமல், அவனே துடைத்துவிட்டான். அவனுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. "மாமா, பெண் வீட்டுக்காரங்க மட்டும் இப்ப பாத்துடக் கூடாது" என்று சிரித்தான். ஜரிகை ஏறியது தவிர எனக்கு எதுவும் நினைவில்லை. பிறகு அவன் சொல்லித்தான் தெரியும்.

நினைவு தெளிந்ததும் வார்டுக்கு வந்த ஒரு சமூகப் பணியாளர், ஆதம்பாக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது என்று ஃப்ளோராவிடம் சொன்னார். அங்கேயே தங்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் எல்லோரும் ஏதாவது ஒரு தொழில் பழகி, உழைத்து, இல்லத்தின் செலவை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில் என்றதும் நான் மெழுகுவத்தி, நோட்டுப் புத்தகம் தைப்பது என்று எதையோ நினைத்துக்கொண்டேன். வீட்டில் விற்பதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை. சரி என்றேன்.

கிண்டியில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். பெரிய காம்பவுண்டு. உள்ளே நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. அதற்குக் கீழே இன்னொரு நாற்றம் இருந்தது. வார்டிலிருந்து நான் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்த அதே நாற்றம். சுற்றுவட்டாரத்து நர்சிங் ஹோம்களின் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதுதான் அந்த இல்லத்தின் தொழில்.

இல்லத்தை நடத்தியவர் ஒரு மனநல டாக்டர். எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். என் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "இவர் கனம் தூக்கக் கூடாது. பிரிக்கிற மேஜையில போடுங்க" என்றார். லேசான வேலை என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் கொட்டகையிலேயே மோசமான இடம் அதுதான். மூட்டையாக வரும் விரிப்புகளை அவிழ்த்து, ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கும், மற்றதை மருந்துத் தண்ணீருக்கும், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வெந்நீர் அண்டாவுக்கும் அனுப்ப வேண்டும். சீழ், சளி, பிரசவ ரத்தம், குழந்தைகளின் மலம். மடிப்புக்குள்ளே சில நேரம் ஊசி கிடக்கும். எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலம் அது. முழங்கைவரை ரப்பர் உறை போட்டுக்கொண்டாலும் எனக்கு விரல் கூசியது.

கொட்டகைக்கு மேஸ்திரி தனகோட்டி. பழைய லாரி டிரைவர், பழைய குடிகாரர். வாய் நிறைய வெற்றிலை. முதல் மூட்டையை என் முன்னால் தள்ளினார்.

"என்னால முடியாதுங்க. நான் பட்டு விக்கறவன்" என்றேன்.

"இன்னா நைனா, பட்டு மேல வாந்தி எடுத்துட்டுத்தான இங்க வந்துகீற?" என்றார். "பாத்துக்கினே நின்னா துணி தானா நடந்து தொட்டிக்குப் போவுமா? அவுரு."

அவிழ்த்தேன். வாந்தி எடுத்தேன். நான் எடுத்த வாந்தியையும் நானே அலச வேண்டியிருந்தது. அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பாட்டுத் தட்டில் அந்த வாசனைதான். அங்கிருந்த ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. காலைக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் அழுதுகொண்டே பழைய கதை சொல்வதும், கடைசியில் கைதட்டுவதும், பொது டாய்லெட்டின் வழுக்குத் தரையும், தனகோட்டி துப்புகிற மூலையும் எல்லாம் எனக்கு அருவருப்பாக இருந்தன.

முதல் ஞாயிறு பார்க்க வந்த ஃப்ளோரா, உறையும் ஏப்ரனுமாக நின்ற என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வீட்டுல ஒரு கைக்குட்டை கசக்கினதில்ல. இங்க வந்து ஊர்த் துணியா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. போ என்றேன். அவள் போகவில்லை. கொண்டுவந்த புட்டை நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

மேஜையின் மறுபக்கம் நின்றவன் ரமணி. மயிலாப்பூர்க்காரன். என்னைவிடச் சின்னவன், இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க், குடியால் நீண்ட விடுப்பில் இருந்தான். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அவன் வீடு. ஆனாலும் ஆதம்பாக்கத்தில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். அவன் வாய்தான் அந்தக் கொட்டகையில் எனக்குப் பிடித்த ஒரே பொருள்.

"அந்தோணி, இதப் பாருமேன்" என்று ஒரு விரிப்பைத் தூக்கிக் காட்டுவான். "நேத்து இட்லி சாம்பார், சாயங்காலம் ஆரஞ்சுப் பழம். நல்ல வரும்படி உள்ள நோயாளி."

"வாயை மூடு. வருது எனக்கு."

"வரட்டும். சோப்புத் தண்ணி ரெடியா இருக்கு."

அவனுக்கும் முதலில் குமட்டியதாம். பத்துப் பதினைந்து மூட்டைக்குப் பிறகு பசி எடுத்ததாம். உண்மையாகவே அவன் தேறிக்கொண்டிருந்தான். கை நடுக்கம் நின்றிருந்தது. டாக்டரம்மா அவனை இஸ்திரிப் பக்கமும் பழக்கினார். நர்சிங் ஹோம்காரர்களிடம் போய்ப் பேசி, பிந்தாமல் துணி அனுப்ப ஏற்பாடு செய்ததும் அவன்தான். ஒரு நாள் என்னிடம் மெதுவாக, "எனக்கு ராத்திரி தூக்கம் வரது அந்தோணி. மாத்திரை இல்லாம" என்றான். ஏதோ திருட்டுச் சொத்தைக் காட்டுவதுபோலச் சொன்னான்.

"வீட்டுல சொன்னியா?"

"ஆத்துல இங்க டைப்ரைட்டிங், கணக்குன்னு ஏதோ சொல்லிக் குடுக்கறான்னு நினைச்சிண்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்."

பார்வையாளர் நாள் அல்லாத ஒரு நாள் அவன் அப்பா வந்துவிட்டார். பக்கத்தில் நங்கநல்லூரில் ஏதோ விசேஷத்துக்கு வந்தவர், அப்படியே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ஆடிட்டர், மடிப்புக் கலையாத வேட்டி. அலுவலக அறையில் ஆள் இல்லாததால் நேராகக் கொட்டகைக்குள் வந்துவிட்டார். பிரசவ வார்டு விரிப்பு ஒன்றை ரமணி இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணிண்டிருக்க?"

ரமணி விரிப்பை அவசரமாகச் சுருட்டினான்.

"அதைக் கீழ போடு" என்றார். போட்டான். "கையை அலம்பிண்டு வா. ஆத்துக்குப் போகலாம்."

செய்தி போய் டாக்டரம்மா ஓடி வந்தார். "சார், நல்லா வந்துக்கிட்டிருக்கார். இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. இப்ப கூட்டிட்டுப் போனா இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண்."

"அம்மா, வைத்தியம் பண்ணத்தான் அனுப்பினேன். வண்ணான் வேலை பழக்க இல்லை."

அந்தச் சொல்லைக் கேட்டுக் கொட்டகையில் துவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. மூக்கில் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டு, பிள்ளையின் ஈரக்கை தன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடந்தார். ரமணி பின்னாலேயே போனான். வாசலில் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"அப்பன் வந்து வான்றான், இவன் மாடாட்டம் பின்னாலயே போய்க்கினு கீறான். த்தூ" என்று தனகோட்டி காறித் துப்பினார். அந்த ஒரு தடவை அவர் துப்பியது எனக்குத் தப்பாகப் படவில்லை.

அதற்குப் பிறகு மேஜையில் நான் தனி ஆள். பேசுவதற்கு யாரும் இல்லாததால் வேலை வேகமாக முடிந்தது. எனக்கும் பசி எடுக்கத் தொடங்கியது. கண் மஞ்சள் குறைந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து, எனக்கு வெளியே போய்வர அனுமதி கிடைத்த முதல் ஞாயிறு, சாந்தோமில் பூசைக்குப் போய்விட்டு, ஃப்ளோராவிடம் சொல்லிக்கொண்டு, மயிலாப்பூர்க் கோயில் குளத்தைச் சுற்றி ரமணியின் வீட்டுக்கு நடந்தேன்.

அவன் அப்பாதான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது அவர் கண்ணில் தெரிந்தது.

"ரமணி ஊர்ல இல்லையே. பெங்களூர்ல அக்காவாத்துக்குப் போயிருக்கான்."

சொல்லி முடிக்குமுன் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இருமலுக்குப் பின்னால் ஓக்காளம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கூடவே ஊதுவத்தி வாசனையையும் மீறி அந்த நாற்றம் வந்தது.

ரமணியின் அம்மா உள் நிலைப்படியில் வந்து நின்றார். ஒடிசலான உடம்பு. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். "எதுக்குப் பொய் சொல்றேள்?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தோணிதானே? உள்ள வாங்கோ. உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கான்."

கடைசி அறை. ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று. ரமணி கட்டிலில் கிடந்தான். வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, கண் மஞ்சள் கிழங்காக இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பாயில் பார்த்த அதே வயிறு. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். அவன் படுத்திருந்த விரிப்பில் எனக்குத் தெரியாத கறை ஒன்றும் இல்லை.

மேஜையில் ஒரு பிராந்தி பாட்டில், பக்கத்தில் இருமல் மருந்து ஊற்றுகிற சின்ன மூடி.

"யார் வாங்கித் தர்றது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் அப்பா. குரலில் தயக்கமே இல்லை. "அளவா நானே விட்டுக் குடுக்கறேன். வெளியில போய்க் கடை வாசல்ல நின்னு மானத்தை வாங்காம இருக்கான் பாருங்கோ. அதுவே பெரிசு."

பிரிக்கிற மேஜையில் எத்தனையோ அள்ளியிருக்கிறேன். அந்தச் சின்ன மூடியைப் பார்த்தபோது வந்த குமட்டல் எதற்கும் வந்ததில்லை. "சார், அவன் செத்துப் போயிடுவான். அங்க அனுப்பிடுங்க. நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அங்கயா? ஊரார் பீத்துணியை அலம்பறதுக்கா? எங்க குடும்பத்துல ஒருத்தன்..."

"இங்க யார் அலம்பறா?"

ரமணியின் அம்மா கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. கணவர் திரும்பினார்.

"தினம் இந்த விரிப்பை யார் அலம்பறான்னு கேக்கறேன். வேலைக்காரி நின்னு எத்தனை நாளாச்சு? பக்கத்தாத்துக்குத் தெரியப்படாதுன்னு குளியலறைக் கதவைச் சாத்திண்டு அலம்பறேன். அவன் அங்க அலம்பினா கேவலம். நான் இங்க அலம்பினா மானமா?"

அந்த அம்மா கட்டிலருகே போய், "எழுந்திருடா" என்றார். அவனால் முடியவில்லை. ஒரு தோளை அவர் பிடித்தார், ஒரு தோளை நான் பிடித்தேன். கூடம் வழியாக நடத்திக் கொண்டுவந்தோம். தெருவில் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் தலை குனியவில்லை. "ஆட்டோ கூப்பிடுங்கோ" என்றார் என்னிடம், உரக்க.

ஆட்டோ கிளம்புவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து கதவு சாத்தப்பட்டது. நந்தனம் தாண்டும்போது ரமணி அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தான். அவர் முந்தானையால் துடைத்துவிட்டு, டிரைவரிடம் "நிறுத்தாதேப்பா, போ" என்றார்.

இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டியிருந்தது. வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அவனையும் கட்டிப் போட்டார்கள். அவனுடைய அம்மாவும் ஃப்ளோராவும் வார்டு வராந்தாவில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ளோரா தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா எங்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிடுவாரோ என்று தயங்கித்தான் கொண்டுபோனாள். சாப்பிட்டாராம். டப்பாவைக் கழுவியும் கொடுத்தாராம்.

ரமணி பிழைத்தான். சினிமாவில் வருவதுபோல இல்லை. ஆதம்பாக்கத்துக்குத் திரும்பி வந்தபின் ஒரு தடவை சுவரேறிக் குதித்துப் போய்க் குடித்தான். தனகோட்டி தேடிப் பிடித்து, ஊரே கேட்கும்படி திட்டிக்கொண்டு தோளில் போட்டுத் தூக்கி வந்தார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை. கல்லீரல் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இப்போதும் உப்பில்லாமல் சாப்பிடுகிறான், அதைப் பற்றி ஓயாமல் குறை சொல்கிறான்.

பட்டுக் கடையில் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ரமணிக்கும் ஆபீஸ் வேலை போய்விட்டது. இல்லத்திலிருந்து வெளியே வந்ததும் வேளச்சேரிப் பக்கம் ஒரு ஷெட்டைப் பிடித்து இரண்டு பேருமாகச் சலவைக்கூடம் வைத்தோம். இரண்டு நர்சிங் ஹோம்கள் துணி அனுப்புகின்றன. பழகிவிட்டதா என்று கேட்பார்கள். பழகவில்லை. காலையில் முதல் மூட்டையை அவிழ்க்கும்போது இன்றும் எனக்கு ஓக்காளம் வருகிறது. கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

ரமணியின் அப்பா ஷெட்டுக்கு வந்ததே இல்லை. அம்மா ஒரு நாள் வந்தார். ரமணி நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை. தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனார். ஆவி பறக்கும் அண்டாவின் முன்னால் நின்றார்.

"கடைசியில வெந்நீர்லயா போடறேள்?"

"ஆமாம்மா" என்றான் ரமணி.

அவர் ஆவிக்கு மேலே உள்ளங்கையை நீட்டிச் சற்று நேரம் வைத்திருந்தார்.

"ஆத்துல கதவைச் சாத்திண்டு நான் எல்லாத்தையும் பச்சைத் தண்ணியிலதான் அலம்பிண்டிருந்தேன்" என்றார்.